கரி விழுங்கியும் குறையாத நோய்: குடல் பாக்டீரியாவும் நாள்பட்ட சிறுநீரக நோயும் — ஒரு நிகழ்வு ஆய்வு

நாள்பட்ட சிறுநீரக நோயையும் குடல் பாக்டீரியாவையும் இணைத்துப் பேசும் கட்டுரைகளுக்கு இப்போது பஞ்சமில்லை. பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. குடலில் கெட்ட பாக்டீரியா பெருகுகிறது, நஞ்சு ஊறுகிறது, அந்த நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆகவே குடலைச் சரிசெய்தால் சிறுநீரகம் தேறிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கருத்தை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நேருக்கு நேர் சோதித்துப் பார்த்த ஒரு மருந்து உண்டு. ஏஎஸ்டி-120 என்பது அதன் பெயர், விழுங்கும் ஒருவகைக் கரி. அது எதிர்பார்த்த பலனைத் தராமல் போனதுதான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு. பலன் தராத மருந்தைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள உறவை வெற்றிபெற்ற மருந்துகளைவிட இந்தத் தோல்விதான் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது.

நஞ்சு பிறக்கும் வழி

உண்ணும் புரதத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதில் தப்பும் மிச்சம் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அந்த மிச்சத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமும் இருக்கும். ஈ.கோலை, பாக்டீராய்டிஸ் முதலிய பாக்டீரியாக்களிடம் டிரிப்டோஃபனேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது டிரிப்டோஃபேனைச் சிதைத்து இண்டோல் என்ற பொருளை உண்டாக்குகிறது. மலத்தின் வாடையில் இந்த இண்டோலுக்கும் பங்கு உண்டு.

இண்டோல் குடல் சுவரைக் கடந்து, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதில் முதலில் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கிறது, பிறகு ஒரு சல்ஃபேட்டைக் கோக்கிறது. இப்படி உருவாவதுதான் இண்டாக்சில் சல்ஃபேட். டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து இதேபோன்ற வழியில் பி-கிரெசில் சல்ஃபேட் உருவாகிறது. சிறுநீரக நோயில் தேங்கும் நஞ்சுகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டவை இவ்விரண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பாக்டீரியா செய்தது மூலப்பொருளை மட்டுமே. இறுதி வடிவத்தைக் கொடுத்தது கல்லீரல். இந்த வேலை நோயாளியின் உடலில் மட்டும் நடப்பதில்லை. முழு ஆரோக்கியத்துடன் இருப்பவரின் உடலிலும் இண்டாக்சில் சல்ஃபேட் அன்றாடம் உருவாகிறது, அன்றாடம் சிறுநீரோடு வெளியேறுகிறது. அதை நஞ்சாக்குவது, வெளியேறும் வழி அடைபடுவது.

அந்த வழியும் சற்று விசித்திரமானது. இண்டாக்சில் சல்ஃபேட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் இரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே திரிகிறது. சிறுநீரக வடிகட்டியின் துளைகள் அல்புமினைப் பெரும்பாலும் விடாதவை. ஆகவே அதோடு ஒட்டியிருப்பதும் அந்த வழியில் வெளியேற முடியாது. அதனால் சிறுநீரகம் இதை வடிகட்டி நீக்குவதில்லை. சிறுநீரகத்துக்குள் உள்ள நுண்குழல்களின் செல்கள் இதை இரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீருக்குள் தள்ளுகின்றன. ஓஏடி-1, ஓஏடி-3 என்ற கடத்திப் புரதங்கள்தாம் இந்தப் பணியைச் செய்கின்றன. நுண்குழல் செல்கள் நலியும்போது இந்தப் பொருள் இரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. இறுதிக்கட்ட நோயில் அதன் அளவு இயல்பைப் போலப் பல பத்து மடங்கு ஆகிவிடும். டயாலிசிஸும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அல்புமினோடு ஒட்டாமல் தனித்திருக்கும் சிறு பகுதியே டயாலிசிஸ் சவ்வைக் கடக்கும் என்பதால், ஒரே அமர்வில் யூரியா கணிசமாக இறங்கினாலும் இண்டாக்சில் சல்ஃபேட்டின் பெரும்பங்கு இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

குடலின் மீது விழுந்த சந்தேகம்

குடல் பாக்டீரியாவின் மீது சந்தேகம் நேற்று இன்று எழுந்ததல்ல. 1966இல் ஐன்ஹெபர், கார்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் இரண்டு சிறுநீரகங்களையும் நீக்கிவிட்டு, அவை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கின்றன என்று பார்த்தார்கள். நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகள், சாதாரண எலிகளைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தன. சிறுநீரகம் இல்லாத உடலில் பாக்டீரியா ஒரு கூடுதல் சுமை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மனிதர்களிடம் கிடைத்த மிகத் தெளிவான சான்று 2011இல் வந்தது. வேறு நோய் காரணமாகப் பெருங்குடல் அறுவைசிகிச்சையில் நீக்கப்பட்டு, பிறகு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்கள் உலகில் சிலர் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப்பிடித்து, பெருங்குடல் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளோடு இரத்தத்தை ஒப்பிட்டார்கள். பெருங்குடல் இல்லாதவர்களிடம் இண்டாக்சில் சல்ஃபேட்டும் பி-கிரெசில் சல்ஃபேட்டும் ஏறத்தாழ இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைந்திருந்தன. அவற்றோடு, அதுவரை பெயர்கூட வைக்கப்படாத பல பொருள்களும் அவர்களிடம் காணப்படவில்லை. எந்த ஆய்வகமும் திட்டமிட்டு நடத்த முடியாத சோதனை இது. நோயே நடத்திக் கொடுத்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

குடலிலிருந்து வருகிறது என்பது இதனால் உறுதியாகிறது. வந்தது சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஜப்பானில் டோஷிமிட்சு நிவாவின் குழு, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட எலிகளுக்கு இண்டாக்சில் சல்ஃபேட்டைக் கொடுத்தபோது அவற்றின் வடிகட்டிகளில் தழும்பேறுவது விரைவுபட்டதை 1990களில் காட்டியது. தேங்கும் பொருள் எஞ்சிய நெஃப்ரான்களை (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளை) கெடுக்க, கெட்ட நெஃப்ரான்கள் தேக்கத்தை மேலும் கூட்ட, அந்தச் சுழலில் நோய் முற்றுகிறது என்று அக்குழு கருதியது. அப்படியானால் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தால் போதும் அல்லவா? இண்டோல் கல்லீரலுக்குப் போகும் முன்பே குடலில் பிடித்து மலத்தோடு அனுப்பிவிட்டால்?

கரி வந்தது

ஏஎஸ்டி-120 அதைத்தான் செய்கிறது. இது சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட கரி. ஒரு மில்லிமீட்டரிலும் சிறிய கரிய உருண்டைகள். உடலுக்குள் உறிஞ்சப்படாமல் குடலோடு பயணித்து, இண்டோல் போன்ற சிறு மூலக்கூறுகளைத் தன் நுண்துளைகளில் பற்றிக்கொண்டு வெளியேறிவிடும். ஜப்பானில் 1991இல் இதற்கு அனுமதி கிடைத்தது. அங்கே வழக்கமான அளவு நாளுக்கு 6 கிராம். ஒரு கேப்சூலில் 200 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 30 கேப்சூல்கள். கரி தன் பக்கம் வரும் பிற மருந்துகளையும் பற்றிக்கொள்ளும் என்பதால், இரத்த அழுத்த மாத்திரை முதல் எல்லாவற்றையும் இதிலிருந்து நேரம் தள்ளியே விழுங்க வேண்டும். ஏற்கெனவே கைநிறைய மாத்திரை சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்கு இது எத்தகைய தொல்லை என்பதை மருந்தை வடிவமைத்தவர்கள் ஒருமுறை தாங்களே விழுங்கிப் பார்த்திருக்கலாம்.

வேலை செய்கிறதா என்றால், செய்தது. அமெரிக்காவில் 164 நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில், கரியின் அளவைக் கூட்டக் கூட்ட இரத்தத்தில் இண்டாக்சில் சல்ஃபேட் இறங்கியது. ஜப்பானில் 460 பேரை 56 வாரங்கள் தொடர்ந்து 2009இல் வெளியான சோதனையின் முடிவு கலவையாக இருந்தது. கிரியேட்டினின் என்ற கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றும் திறன் சற்று மெதுவாகச் சரிந்தது. ஆனால் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், மரணம் போன்ற முதன்மை விளைவுகளில் வேறுபாடு தெரியவில்லை. ஆட்கள் குறைவு, காலம் குறைவு, அதனால்தான் தெரியவில்லை என்று சொல்ல இடமிருந்தது.

அந்த இடத்தை அடைக்கத்தான் எப்பிக்-1, எப்பிக்-2 என்ற இரட்டைச் சோதனைகள் நடத்தப்பட்டன. வட அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா என 13 நாடுகள். மிதமானதிலிருந்து கடுமையான நிலைவரை நோயுள்ள 2,035 பேர். பாதிப்பேருக்கு நாளுக்கு 9 கிராம் கரி, மீதிப்பேருக்கு அதே தோற்றத்தில் மருந்துப்போலி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. டயாலிசிஸ் தொடங்குதல், சிறுநீரக மாற்று, இரத்தக் கிரியேட்டினின் இரட்டிப்பாதல் ஆகிய மூன்றில் எது முதலில் நேர்கிறதோ அதுதான் கணக்கு. இவை 291 பேருக்கு நேரும்வரை ஒவ்வொரு சோதனையும் தொடர வேண்டும் என்பது திட்டம்.

2015இல் முடிவுகள் வெளியாயின. மருந்துப்போலியோடு ஒப்பிட்டால் கரி எடுத்தவர்களின் அபாய விகிதம் எப்பிக்-1இல் 1.03, எப்பிக்-2இல் 0.91, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 0.97. விகிதம் 1 என்றால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை என்று பொருள். அடுத்த ஆண்டு கொரியாவில் 579 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த சோதனையும் அதையே சொன்னது.

ஏன் பலிக்கவில்லை?

மருந்தின் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் காரணங்கள் சிலவற்றில் நியாயம் உண்டு. எப்பிக்கைத் திட்டமிட்டபோது, மருந்துப்போலித் தரப்பில் பாதிப்பேர் மோசமான விளைவை எட்ட 124 வாரங்கள் ஆகும் என்று கணித்திருந்தார்கள். உண்மையில் 189 வாரங்களும் 170 வாரங்களும் ஆயின. நோய் எதிர்பார்த்ததைவிட மெதுவாக முற்றியது. எனவே சிறு பலன் இருந்திருந்தாலும் கண்ணில் படாமல் போயிருக்கலாம். பின்னர் அமெரிக்க நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கரிக்குச் சாதகமான வேறுபாடு தெரிந்தது என்றும் எழுதினார்கள். சோதனை முடிந்தபின் கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டில் நல்ல செய்தி கிடைக்கத்தான் செய்யும். அதை நம்பி மருந்து எழுத முடியாது.

எனக்கு வலுவாகப் படும் காரணம் வேறு. இண்டாக்சில் சல்ஃபேட் நோயின் காரணமா, அல்லது நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவுகோல் மட்டுமா? 2009இல் 139 நோயாளிகளிடம் அதன் அளவு கூடக்கூட மரணமும் கூடுவதாகக் கண்டார்கள். 2017இல் ஹீமோ என்ற பெரிய டயாலிசிஸ் சோதனையில் பங்கேற்ற 1,273 பேரின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, இண்டாக்சில் சல்ஃபேட்டுக்கும் பி-கிரெசில் சல்ஃபேட்டுக்கும் இதயநோய் விளைவுகளோடு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. நுண்குழல் செல்கள் எவ்வளவு நலிந்திருக்கின்றனவோ அவ்வளவு தேக்கம். தேக்கம் அதிகமிருப்பவர் ஏற்கெனவே அதிகம் நலிந்தவர். இப்படிப் பார்த்தால் அளவை மட்டும் இறக்குவதால் நோய் தணியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அடுத்து, பிரபலக் கதையின் அடித்தளத்தையே அசைக்கும் இரண்டு ஆய்வுகள். பெல்ஜியத்தில் லூவன் நகர ஆய்வாளர்கள் டயாலிசிஸ் நோயாளிகளின் மலத்தில் பாக்டீரியா உண்டாக்கும் பொருள்களை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரிந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் "நோய் குடலை மாற்றிவிட்டது" என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும், சிறுநீரகம் நன்றாக இருக்கும் குடும்பத்தாரின் மலத்தையும் அளந்தார்கள். நோயாளிக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. நோயின் கைவரிசை என்று தோன்றியதில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டின் கைவரிசை. 2020இல் அதே பெல்ஜியத்தின் கென்ட் நகரக் குழு, நோயின் வெவ்வேறு கட்டங்களில் இருந்த 141 பேரிடம் குடலில் இந்த நஞ்சுகளின் உற்பத்தி கூடுகிறதா என்று பார்த்தது. கட்டம் முற்ற முற்ற இரத்தத்தில் தேக்கம் ஏறியது, உற்பத்தி ஏறவில்லை.

அதாவது பாக்டீரியா எப்போதும் செய்யும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வெளியேற்றும் உறுப்புதான் தளர்ந்துவிட்டது. குடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய வழக்கு இந்த இடத்தில் மிகவும் பலவீனமாகிறது.

அதற்காகக் குடல் மாறுவதே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இரத்தத்தில் யூரியா ஏறும்போது அது குடலுக்குள்ளும் கசிகிறது. யூரியேஸ் நொதியுள்ள பாக்டீரியா அதை அமோனியாவாக்க, குடலின் காரத்தன்மை கூடுகிறது, குடல் சுவரின் செல்களை இறுகப் பிணைத்திருக்கும் புரதங்கள் தளர்கின்றன. இறுதிக்கட்ட நோயாளிகளிடம் பெருகியிருந்த 19 பாக்டீரியாக் குடும்பங்களில் 12 குடும்பங்கள் யூரியேஸ் உடையவை என்று கலிபோர்னியாவில் வசிரியின் குழு 2014இல் கணக்கிட்டது. குடல் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தருபவை அருகியிருந்தன. இதில் சிகிச்சைக்கும் பங்கு உண்டு என்பதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். பொட்டாசியத்துக்குப் பயந்து பழமும் காயும் பருப்பும் குறைக்கப்படுகின்றன. நார்ச்சத்து அதோடு போய்விடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை, பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, தண்ணீர்க் கட்டுப்பாடு ஆகியவை சேர்ந்து மலச்சிக்கலைக் கொண்டுவருகின்றன. மலம் பெருங்குடலில் தங்கும் நேரம் நீள நீள, நார்ச்சத்து தீர்ந்துபோன பாக்டீரியா புரதத்தின் பக்கம் திரும்புகிறது. அமெரிக்காவில் 35 லட்சம் முன்னாள் படைவீரர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது தொடர்பு மட்டுமே. எது முந்தியது என்று பதிவேடு சொல்லாது.

பாக்டீரியா இல்லாவிட்டால்?

1966ஆம் ஆண்டு எலிகளின் கதைக்கு அரை நூற்றாண்டு கழித்து ஒரு மறுபக்கம் கிடைத்தது. ஜப்பானில் மிஷிமாவின் குழு, நுண்ணுயிரற்ற எலிகளுக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பை உண்டாக்கிப் பார்த்தது. எதிர்பார்த்தபடியே இண்டாக்சில் சல்ஃபேட் அவற்றிடம் காணப்படவில்லை. ஆனால் சிறுநீரகம், பாக்டீரியா உள்ள எலிகளைவிட மோசமாகக் கெட்டிருந்தது. பாக்டீரியா நஞ்சின் மூலப்பொருளைத் தருவது போலவே, நைட்ரஜன் கழிவுகளைத் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளவும் செய்கிறது, பாதுகாப்பு தரும் குறுங்கொழுப்பு அமிலங்களையும் தருகிறது. சிறுநீரகமே இல்லாத எலி சில நாள்களில் சாவதும், பாதிச் சிறுநீரகத்தோடு மாதக்கணக்கில் வாழ்வதும் ஒன்றல்ல. ஒன்றில் பாரமாக இருந்தது மற்றதில் துணையாகிறது.

ஆகவே உற்பத்தியைத் திருப்பிவிடும் முயற்சிகளே இப்போது ஆர்வமூட்டுகின்றன. 2016இல் பாக்டீராய்டிஸின் டிரிப்டோஃபனேஸ் மரபணுவை மட்டும் நீக்கி எலிகளின் குடலில் குடியேற்றியபோது இண்டாக்சில் சல்ஃபேட்டின் உற்பத்தியே நின்றது. பாக்டீரியா அப்படியே இருந்தது. 2020இல் வேறொரு குழு, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களை எலிகளின் உணவில் கூட்டினால் ஈ.கோலையின் அதே நொதி மந்தமாகி, சிறுநீரகப் பாதிப்பும் குறைவதைக் காட்டியது. இரண்டும் எலிகளோடு நிற்கின்றன. மனிதர்களிடம் எளிய வழி நார்ச்சத்துதான். செரிக்காமல் பெருங்குடலை எட்டும் மாவுச்சத்தை டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, அல்புமினோடு ஒட்டாத இண்டாக்சில் சல்ஃபேட் குறைந்தது. புரோபயாடிக்கும் (நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா) அதற்கு உணவாகும் நாரும் சேர்ந்த கலவையை ஆஸ்திரேலியாவில் 37 பேரிடம் சோதித்தார்கள். பி-கிரெசில் சல்ஃபேட் இறங்கியது, இண்டாக்சில் சல்ஃபேட்டில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. இரத்தத்தில் ஓர் எண் இறங்குவதும் டயாலிசிஸ் தள்ளிப்போவதும் வேறுவேறு என்பதை எப்பிக் காட்டிவிட்ட பிறகு, இத்தகைய முடிவுகளை நான் ஒரு புருவத்தை உயர்த்தியபடியே படிக்கிறேன். "சிறுநீரகத்துக்கான புரோபயாடிக்" என்று விற்கப்படும் புட்டிகளுக்கு இந்த அளவு சான்றுகூட இருப்பதில்லை.

நோயாளியின் மேசைக்கு இதில் எது வந்து சேர்கிறது? இரத்தப் பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவரிடம் பழமும் காயும் முழுத் தானியமும் பொதுவாகத் தடை என்று சொல்லிவிடுவது இன்றைய அறிவுக்குப் பொருந்தாது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து உணவியலாளர் தீர்மானிக்க வேண்டும். மலச்சிக்கலை ஒரு சின்ன உபத்திரவம் என்று தள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலமிளக்கியை மட்டும் தாமாகத் தேர்ந்துகொள்ளக் கூடாது. மெக்னீசியம் உள்ளவை நலிந்த சிறுநீரகம் வெளியேற்ற முடியாத மெக்னீசியத்தை இரத்தத்தில் தேக்கிவிடும். குடலைக் கழுவப் பயன்படும் சோடியம் பாஸ்பேட் கரைசல்கள், பாஸ்பேட் படிகங்களை நுண்குழல்களில் படியவைத்துச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குடல் சுத்திகரிப்பு என்ற பெயரில் விற்கும் எதையும் வாங்குவதற்கு முன், அதில் என்ன உப்பு இருக்கிறது என்று லேபிளைப் படித்து, சிறுநீரக மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுவது அவசியம்.